சாப்பாட்டில் ‘அது வேண்டாம், இது வேண்டாம்’ என்பவரோடு ஒரே வீட்டில்: மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செம்பூர், மாட்டுங்கா, தாராவி, முலுண்ட், டோம்பிவிலி என்று மும்பையில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற பக்கமெல்லாம், சமையலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: “எதைச் செய்து வைத்தாலும் இவர் தொட மாட்டேன் என்கிறார்.” இந்த ‘இவர்’ பெரும்பாலும் குழந்தை இல்லை. வீட்டுக்காரர், மாமனார், கல்லூரி போகும் பையன், ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர். அதனால் பெரியவர்களை முதலில் வைத்திருக்கிறேன். குழந்தைகள் பிறகு வருகிறார்கள்.

என் வீட்டுக்காரர் உருளைக்கிழங்கு, அப்பளம், தயிர்சாதம் தவிர எதையும் தொட மாட்டார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

அவர் சாப்பிடுகிறதிலிருந்து. வேண்டாம் என்கிற பட்டியல் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். விரும்பிச் சாப்பிடுகிற பட்டியலை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள். ஸ்டேஷன் வாசலில் நின்றபடி விழுங்கும் வடாபாவ், ஆபீஸ் பக்கத்து சமோசா எல்லாவற்றையும் சேர்த்துத்தான். எழுதி முடித்தால் அதில் ஒரு பொதுக் குணம் தெரியும்.

உருளை ரோஸ்ட், அப்பளம், முறுகல் தோசை, சிவ்டா என்று வந்தால் அவருக்கு மொறுமொறுப்பு வேண்டும். குழைந்த காய் வாயில் பட்டாலே குமட்டுகிறது. பொங்கல், இட்லி, பருப்பு சாதம், தயிர்சாதம் என்று வந்தால் நேர் எதிர்: எல்லாம் மெத்தென்று ஒரே சீராக இருக்க வேண்டும், நடுவில் தட்டுப்படும் துண்டுதான் அவருக்கு எதிரி. இன்னும் சிலருக்கு இரண்டும் பிரச்சினை இல்லை, ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது, அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் காயை வேண்டாம் என்று சொல்வதில்லை. அந்தக் காய் வாயில் படுகிற விதத்தை வேண்டாம் என்கிறார்கள். அதனால் காயை மாற்றுவதற்கு முன்னால் நறுக்குவதையும் சமைப்பதையும் மாற்றிப் பாருங்கள்.

மொறுமொறுப்புக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது கோவைக்காய். தோண்ட்லி என்று கேட்டால் எந்த பாஜிக்காரரும் எடுத்துக் கொடுப்பார். உள்ளே சிவக்காததாக, கெட்டியாகப் பார்த்துக் கால் கிலோ வாங்குங்கள். ரூபாய் நாணயத்தை விட மெல்லிசாக வட்டம் வட்டமாக நறுக்கி, அகலமான இரும்புச் சட்டியில் மூன்று ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பரப்பி, மிதமான தீயில் விடுங்கள். மூடாதீர்கள். மூடினால் வெந்து போகும், நமக்கு வேண்டியது வறுவல். சும்மா சும்மா கிளறவும் வேண்டாம். இருபது நிமிஷத்தில் ஓரமெல்லாம் பழுப்பாகிச் சுருங்கும். அப்போது உப்பு, மிளகாய்த்தூள், ஒரு ஸ்பூன் அரிசி மாவு தூவி இரண்டு புரட்டு புரட்டி இறக்குங்கள். உப்பை முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும். உருளை ரோஸ்ட் வைக்கிற அதே நாளில், அதன் பக்கத்தில் கொஞ்சமாக இதையும் வையுங்கள். “இது உடம்புக்கு நல்லது” என்ற வரவேற்புரை மட்டும் வேண்டாம். நல்லது என்று சொன்ன உடனே பாதி ருசி போய்விடும்.

மெத்தென்று கேட்பவர்களுக்குச் சுரைக்காய், மஞ்சள் பூசணி, பீர்க்கங்காய். மூன்றும் பாசிப்பருப்போடு குழைய வெந்து மசிந்து போகிற காய்கள். தேங்காய், சீரகம் அரைத்துவிட்டு நெய்யில் தாளித்தால் பருப்பு சாதம் சாப்பிடுகிறவருக்கு அது இன்னொரு பருப்பு சாதம்தான். கலக்கக் கூடாது என்பவர்களுக்குக் குழம்பு ஒரு கிண்ணத்தில், காய் ஒரு கிண்ணத்தில். சாம்பாரில் காய் போடாமல் தனியாக வதக்கி வையுங்கள். கூடுதலாக ஒரு பாத்திரம் கழுவ வேண்டியிருக்கும், சகித்துக்கொள்ளுங்கள்.

வெண்டைக்காய் வழவழப்பு என்கிறார், முட்டைக்கோஸ் நாற்றம் என்கிறார். வீம்புக்குச் சொல்கிறாரா?

இல்லை, இரண்டும் உண்மை. வெண்டைக்காய் ஈரத்தோடு நறுக்கினால் வழவழக்கத்தான் செய்யும். முழுசாகக் கழுவி, துணியால் துடைத்து, காற்றாட விட்டு, அப்புறம்தான் கத்தி படவேண்டும். வதக்கும்போது கொஞ்சம் புளிப்பு சேர்த்தால் கொழகொழப்பு அடங்கும். ஊரில் புளித்தண்ணீரோ மோரோ தெளிப்போம். இங்கே கோகம் என்று விற்கும் புளிப்புப் பழத்தின் காய்ந்த தோல் இரண்டு துண்டு போட்டாலும் போதும்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இரண்டிலும் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. வேகவேக நாற்றம் கூடும். அதனால் குக்கர் பக்கமே கொண்டு போகாதீர்கள். பொடியாக நறுக்கி, நல்ல சூட்டில், மூடாமல் ஐந்தாறு நிமிஷம் வதக்கித் தேங்காய் தூவி இறக்கினால் அந்த வாடை பெரிதாக வராது.

இன்னொரு விஷயம், மும்பை வீடுகளுக்கே உரியது. ஒரு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில் சமையல் வாடைக்குப் போக இடம் கிடையாது. அறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் முள்ளங்கி சாம்பார் வாடையைச் சுவாசித்தவர் தட்டு வருவதற்குள் அலுத்துப் போயிருப்பார். இந்த மாதிரிக் காய்களை அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் சமைத்து, ஜன்னலைத் திறந்து விட்டு, பிறகு சுட வைத்துப் போடுங்கள்.

கீரை, பாகற்காய் எல்லாம் கசக்கிறது என்கிறார். எனக்குக் கசக்கவே இல்லையே?

உங்கள் நாக்கு வேறு, அவர் நாக்கு வேறு. 1931-ல் அமெரிக்காவில் ட்யூபான்ட் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு பொடியைக் கையாண்டுகொண்டிருந்தார். அது காற்றில் பறந்தது. கூட இருந்தவர் கடுங்கசப்பு என்று முகம் சுளித்தார், ஃபாக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. பின்னால் நடந்த ஆராய்ச்சிகளில் இது பெருமளவு பிறவியிலேயே வருவது, கசப்பை உணரும் மரபணு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்று தெரிந்தது. கொத்தமல்லித்தழை சிலருக்குச் சோப்பு மாதிரி மணப்பதிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆகவே “இதெல்லாம் ஒரு கசப்பா?” என்று கேட்பதில் பயனில்லை.

கசப்பை அமுக்க உப்பும் கொழுப்பும் உதவும். பாகற்காயை உப்பில் பிசறி அரை மணி வைத்துப் பிழிந்தால் கசப்பு நீரில் இறங்கும். பிட்லையில் புளியும் வெல்லமும் தேங்காயும் சேர்வது சும்மா இல்லை. மேத்தி என்று கட்டுக்கட்டாக விற்கிற வெந்தயக்கீரையைப் பாசிப்பருப்போடு கூட்டாக வைத்து நெய் விட்டாலோ, கோதுமை மாவில் தயிர் சேர்த்துப் பிசைந்து தேப்லாவாகத் தட்டினாலோ, கசப்பு இருக்கும், ஆனால் முன்னால் வந்து நிற்காது. கொத்தவரங்காயை வேகவைத்து வடித்துவிட்டுப் பருப்பு உசிலி செய்தால் கசப்பு முக்கால்வாசி போய்விடும்.

தெரியாமல் அரைத்துக் கலந்து கொடுத்துவிடலாமா?

கலக்கலாம், தெரியாமல் வேண்டாம். தோசை மாவில் கேரட், அடையில் முருங்கைக்கீரை, சப்பாத்தியில் பீட்ரூட் எல்லாம் காலம் காலமாக நடப்பதுதான். கேட்டால் “ஆமாம், கீரை போட்டிருக்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்துக் கொடுத்துச் சாப்பிட்டு முடித்ததும் “பார்த்தீங்களா, சுரைக்காய் சாப்பிட்டீங்க!” என்று வெற்றி முழக்கம் செய்தால் அடுத்த நாளிலிருந்து இட்லியையும் பிய்த்துப் பார்த்துத்தான் வாயில் வைப்பார். சந்தேகம் வந்த நாக்குக்கு எதுவும் ருசிக்காது. அதோடு, ஒளித்துக் கொடுத்த காயை அவர் நாக்கு பழகவே பழகாது. பழக வேண்டுமென்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மராட்டிய வீடுகளில் தாலிபீட் என்று செய்வார்கள். பல தானியங்களையும் பருப்புகளையும் வறுத்து அரைத்த பாஜணி மாவில் வெங்காயம், கொத்தமல்லி சேர்த்துத் தட்டுவது, நம் அடைக்கு ஒன்றுவிட்ட சகோதரி. துருவிய சுரைக்காயையும் வெளிப்படையாகச் சேர்க்கலாம். மாவு ரெடிமேடாகவே கிடைக்கிறது. மேலே வெண்ணெய் வைத்தால் யாரும் மறுத்துப் பார்த்ததில்லை.

காலையில் டப்பா கட்டி அனுப்புகிறேன். சாப்பிட்டேன் என்கிறார், நம்பிக்கை வரவில்லை.

டப்பாவைப் பாருங்கள், ஆளைக் கேட்காதீர்கள். டப்பாவாலாக்கள் 1890 வாக்கிலிருந்து இந்த நகரத்தில் செய்கிற வேலையில் பாதி, காலி டப்பாவைத் திருப்பிக் கொண்டுவருவது. டப்பாவாலா கொண்டுவந்தாலும் சரி, அவரே பையில் கொண்டுவந்தாலும் சரி, எந்தத் தட்டில் எவ்வளவு மீந்திருக்கிறது என்பதுதான் உண்மையான பதில். காய் முழுசாகத் திரும்பி வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பிடிக்கவில்லை. இன்னொன்று, மதியம் ஒரு மணிக்கு அது சாப்பிடும் நிலையில் இல்லை.

காலை ஏழு மணிக்குக் கட்டிய டப்பா ஆறு மணி நேரம் மூடிக் கிடக்கிறது. மொறுமொறுவென்று வறுத்த வெண்டை அதற்குள் நமுத்துவிடும். சூட்டோடு மூடினால் மூடியில் ஆவி கோத்து எல்லாவற்றின் மேலும் சொட்டும். அதனால் டப்பாவுக்கு நமுத்தாலும் ருசி மாறாத காய்களைத் தேர்ந்தெடுங்கள்: பீன்ஸ் உசிலி, புடலங்காய்ப் பொரியல், முளைகட்டின மட்கிப் பயறில் கொஞ்சம் கெட்டியான உசள் (மராட்டிய மசாலாப் பயறு). ஆறவிட்டு மூடுங்கள். வறுவல் ராத்திரிக்கு இருக்கட்டும்.

ஆபீஸில் நாலு பேர் டப்பாவை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவது வழக்கமென்றால் அது பெரிய வரம். வீட்டில் கத்திரிக்காயைக் கண்டால் ஓடுகிறவர் சக ஊழியர் கொண்டுவந்த பரலி வாங்கியை (மசாலா அடைத்த கத்திரிக்காய்) இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். கேள்விப்பட்டால் கோபப்படாதீர்கள், செய்முறையைக் கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள்.

மாமியார் தவறிய பிறகு மாமனார் ஊரிலிருந்து எங்களோடு வந்துவிட்டார். சப்பாத்தி வேண்டாம், இந்த ஊர் அரிசி வேண்டாம், எதுவும் வேண்டாம்.

ஐம்பது வருஷம் ஒரு கையின் சமையலைச் சாப்பிட்டவர். அந்தக் கை இல்லை, ஊர் இல்லை, திண்ணை இல்லை, பேச ஆள் இல்லை. முதலில் சோற்றைச் சரி செய்யுங்கள். இங்கே பெரும்பாலான கடைகளில் கோலம் அரிசிதான் முன்னால் இருக்கும். புழுங்கலரிசிக்குப் பழகியவருக்கு அது சோறாகவே படாது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் உள்ள நம் கடைகளில் பொன்னிப் புழுங்கல் கிடைக்கும், சின்ன வெங்காயமும் சுண்டைக்காய் வற்றலும் கிடைக்கும். ஒருநாள் அவரையே கூட்டிக்கொண்டு போய் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்க விடுங்கள். தானே பொறுக்கி வாங்கிய காயை மனுஷன் அவ்வளவு எளிதில் ஒதுக்க மாட்டார். மாமியார் வத்தக்குழம்பில் கடைசியில் வெல்லம் போடுவாரா, மாட்டாரா என்று அவரிடமே கேளுங்கள். பதில் நீளமாக வந்தால் நல்லது, குறுக்கிடாதீர்கள்.

அப்புறம் வாயைக் கவனியுங்கள். பல்செட் சரியாக உட்காராதவர்கள் அதைச் சொல்ல வெட்கப்பட்டு “பிடிக்கல” என்பார்கள். வயதானால் மூக்கும் நாக்கும் மங்கும். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் உட்பட சில மாத்திரைகள் வாயில் உலோகச் சுவையை விடும். மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்டிக் கேட்கலாம், மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. உப்பைக் கூட்டித் தருவதற்குப் பதிலாகப் புளிப்பு, மிளகு, பெருங்காயம், எலுமிச்சை இவற்றைக் கொஞ்சம் தூக்கலாக வையுங்கள்.

அவர் மாதிரி ஆட்கள் சோறு, ரசம், மோர் என்றே ஓட்டிவிடுவார்கள். பருப்பும் பயறும் உள்ளே போகாது, தசை கரையும். ரசத்தில் பருப்பை மசித்து விடுவது, காலையில் பச்சைப்பயறு தோசை, சாயங்காலம் வேகவைத்த வேர்க்கடலை, அசைவம் உண்டென்றால் ஒரு முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், யாராவது ஒருவர் கூட உட்கார்ந்து சாப்பிடுவது.

நாலு பேர் சேர்ந்து ஃபிளாட் எடுத்திருக்கிறோம். ஒரு நண்பன் சிக்கன் ரைஸ், ஆம்லெட், கோலா மட்டும்தான். சமைக்க வருகிற பாயி செய்வதைத் தொட மாட்டான்.

நீங்கள் அவனுக்கு அம்மா இல்லை, அதை முதலில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லிப் பார்க்க உரிமை உண்டு, தினமும் சொல்ல இல்லை. செய்யக்கூடியது, கைக்கு எட்டும் இடத்தில் நல்லதை வைப்பது. மேஜையில் வாழைப்பழம், வறுத்த வேர்க்கடலை, சனா. ஃபிரிட்ஜில் தயிர். பாயியிடம் காக்டி கோஷிம்பிர் செய்யச் சொல்லுங்கள்: வெள்ளரியைப் பொடியாக நறுக்கி, வறுத்த வேர்க்கடலைப் பொடி, எலுமிச்சை, பச்சை மிளகாய் போட்டுக் கலப்பது, பத்து நிமிஷ வேலை. சிக்கன் ரைஸுக்குத் தொட்டுக்கொள்ள அதைவிட நல்லது கிடையாது. ஆம்லெட் சாப்பிடுகிறவனுக்குக் குடமிளகாயும் தக்காளியும் போட்ட முட்டை புர்ஜி ஒரு படி தள்ளித்தான். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் அவனையே ஊர்ச் சமையல் செய்யச் சொல்லுங்கள். எவனுக்கும் தன் ஊர்ச் சாப்பாட்டில் ஒரு காயாவது பிடித்திருக்கும்.

மீன், சிக்கன் இல்லாமல் சாப்பிட மாட்டார். காய் என்றால் எழுந்து போய்விடுவார்.

அப்படியானால் காயை மீனோடு சேர்த்து விடுங்கள். திருநெல்வேலிக்காரர்கள் நிறைந்த தாராவியில் இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கருவாட்டுக் குழம்பில் கத்திரிக்காய், மீன் குழம்பில் மாங்காயும் முருங்கைக்காயும், முட்டைப் பொடிமாஸில் முருங்கைக்கீரை. குழம்பு ருசி ஏறிய கத்திரிக்காயை வெறும் பொரியல் கத்திரிக்காயோடு ஒப்பிடவே முடியாது. சிக்கன் குழம்பில் உருளைக்கு நூல்கோல் துணை போகும், பாலக்கீரையை அரைத்து விட்டாலும் சேரும்.

மகாராஷ்டிரக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. அந்த இரண்டு மாதம் நல்ல கடல்மீன் குறைவு, விலையும் அதிகம். காய்க்குப் பழக்குவதற்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. மழைக்காலத்தில் பால்கர், தானே பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் காட்டுக் கீரைகளையும் முள்ளு முள்ளாக இருக்கும் கண்டோலி என்ற சின்னக் காயையும் கொண்டுவந்து நடைபாதையில் குவித்து விற்பார்கள். கண்டோலியை மெல்லிசாக வறுத்தால் மீன் வறுவல் பக்கத்தில் வைக்கலாம், தப்பில்லை.

இரண்டு தனிச் சமையல் செய்து மாளவில்லை.

செய்யாதீர்கள். சமையல் ஒன்று, முடிப்பு இரண்டு. கூட்டில் பாதியை எடுத்துவைத்துவிட்டு மீதியை மசிப்பது. வெங்காயம் வேண்டாதவருக்கு வெங்காயம் தாளிப்பதற்கு முன் ஒரு கிண்ணம் எடுத்து வைப்பது. சாதம், தயிர், ஊறுகாய், ஒரு பொடி என்று அவர் கட்டாயம் சாப்பிடுகிற ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கட்டும், மற்றதெல்லாம் அன்றைய சமையல். அதற்கு மேல் ஆசைப்பட்டால் அவரே அடுப்படிக்கு வரலாம்.

நாலு வயசுக் குழந்தை. ஒரு வாய் சாப்பிட ஒரு மணி நேரம், போன் காட்டினால்தான் வாய் திறக்கிறாள்.

முதல் வயது முடிந்ததும் வளர்ச்சி வேகம் குறைகிறது, பசியும் குறைகிறது. இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் புதுச் சாப்பாட்டைக் கண்டு பயப்படுவதும் இயல்பு, பெரும்பாலும் தானாகவே தணியும். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் சொன்ன வேலைப் பங்கீட்டை நான் முழுசாக ஏற்றுக்கொள்கிறேன்: என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யும். பாட்டிமார்களுக்கு இந்த இரண்டாம் பாதி பிடிக்காது, தெரியும்.

நடைமுறையில் முதலில் பாலைப் பாருங்கள். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கிற குழந்தைக்குச் சோற்றுக்கு இடம் இருக்காது, இரும்புச்சத்தும் குறையும். அடுத்து பிஸ்கட், ஃபர்சாண் (கார நொறுக்குத்தீனி) டப்பாக்களைக் கண்ணில் படாத உயரத்துக்கு ஏற்றுங்கள். சாப்பாட்டுக்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீர் மட்டும். தட்டில் இரண்டு துண்டு கேரட், இரண்டு துண்டு பீன்ஸ், அவளுக்குப் பிடித்த தயிர்சாதம், நம் கூடவே உட்கார வைத்து. இருபது, முப்பது நிமிஷத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டாமல். ஒரு புதுக் காயை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து தடவை அது தட்டில் வந்து போக வேண்டியிருக்கலாம். பலர் மூன்றாவது தடவையிலேயே “இவளுக்குப் பிடிக்காது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். போனை ஒரே நாளில் பிடுங்காமல், முதலில் ராத்திரிச் சாப்பாட்டில் மட்டும் நிறுத்துங்கள். முழு வேர்க்கடலை, முழு திராட்சை இந்த வயதில் தொண்டையில் அடைக்கும். கடலையைப் பொடியாக்கியும் திராட்சையை நீளவாக்கில் வெட்டியும் கொடுங்கள்.

பத்தாவது படிக்கிற பையன் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், வடாபாவ், ஃபிராங்கி.

வகுப்பு, டியூஷன், பஸ் என்று அலைகிற பையனுக்கு ஐந்து மணிப் பசிதான் பிரச்சினை, நூடுல்ஸ் இல்லை. அந்த ஐந்து மணிக்கு வீட்டில் என்ன தயாராக இருக்கிறது? சுண்டல், முட்டை, சீஸ் வைத்த தோசை, மிசள் எதுவானாலும் சரி, சூடாக இருந்தால் கடைக்குப் போவது குறையும். ஃபிராங்கியை வீட்டிலேயே சுருட்டலாம். சப்பாத்தி, பனீர் அல்லது முட்டை, வெங்காயம், குடமிளகாய். நூடுல்ஸ் செய்தாலும் பாதி மசாலாப் பாக்கெட், ஒரு முட்டை, ஒரு கை பட்டாணி. அவனே செய்யட்டும்.

சரி, ஒருநாளைக்கு எவ்வளவு காய் சாப்பிட்டால் போதும்?

ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருக்குக் காயும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம் என்கிறது. 400 கிராம் என்றால் நம் வீடுகளில் நன்றாகச் சாப்பிடுகிறவர்களே எட்டுவது சிரமம். இன்று ஒரு ஸ்பூன் பொரியல் சாப்பிடுகிறவரை அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். ஒரு ஸ்பூனை ஒரு கரண்டியாக்குவது, ஒரு வேளையை இரண்டு வேளையாக்குவது, அது போதும் இப்போதைக்கு. பழத்தில் பலருக்குத் தகராறு இல்லை. கொய்யா, பப்பாளி, சீத்தாப்பழம் எல்லாம் நல்ல தொடக்கம்.

பெண்கள் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கீரை, பயறு சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது, எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் நன்றாகச் சேரும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடச் சொல்லுங்கள். பிடிவாதக்காரர் சமையல் செய்கிற பெண்ணாகவே இருந்து, எல்லாருக்கும் போட்டுவிட்டு ரசத்தோடு முடித்துக்கொள்கிறவராக இருந்தால், அவரைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சாப்பிடும்போது என்ன சொல்வது, என்ன சொல்லாமல் இருப்பது?

“ஒரே ஒரு வாய்” வேண்டாம். “உங்களுக்காக இவ்வளவு நேரம் நின்றேன்” வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் சாப்பிடுகிறார் என்பது வேண்டவே வேண்டாம். சாப்பிட்டால் கைதட்டுவதும் வேண்டாம், பெரியவர்களுக்கு அது கூச்சம். “கூட்டு அங்கே இருக்கு, வேணும்னா போட்டுக்குங்க” என்பதோடு சரி. பேச வேண்டியதைச் சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே, காய் வாங்கும்போது பேசுங்கள்: “நாளைக்கு பீன்ஸா, அவரையா?” இரண்டில் ஒன்றைக் கேட்டால் ஒன்று வரும். “என்ன காய் வேணும்?” என்று கேட்டால் உருளைக்கிழங்கு வரும்.

சத்து மாவு, ஹெல்த் டிரிங்க், மாத்திரை கொடுத்துச் சமாளிக்கலாமா?

பாலில் கலக்கும் டப்பா பானங்கள் பலவற்றில் சர்க்கரை தாராளம். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களிடம் அவற்றை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பிலிருந்து எடுக்கச் சொன்னது. அதற்குப் பதில் கேழ்வரகுக் கஞ்சி. இங்கே நாச்சணி மாவு என்று எந்த மளிகைக்கடையிலும் கிடைக்கும், 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். சைவம் மட்டும் சாப்பிட்டு, பால் தயிரும் குறைவென்றால் பி12 பரிசோதித்துப் பார்ப்பது அவசியம். குறைவு என்று தெரிந்தால் மாத்திரை வேண்டியதுதான், காய் அதை ஈடுகட்டாது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

முயற்சி செய்யாமலே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தால். விழுங்கும்போது வலித்தால், அடைத்தால். குழந்தையின் எடையும் உயரமும் நின்றுபோனால். முன்பு சாப்பிட்டுக்கொண்டிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்து கடைசியில் நாலைந்து பொருள் மட்டும் மிஞ்சினால். சிலருக்கு இது அடம் இல்லை, ‘ஆர்ஃபிட்’ (ARFID) என்ற உண்ணும் கோளாறு. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் மனநலக் கோளாறுகள் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இதைத் தனியாகவே சேர்த்தது. உடல் பருமன் பயத்தால் வருவதல்ல, சாப்பாட்டின் தன்மையாலோ அடைத்துவிடும் என்ற பயத்தாலோ வருவது. ஆட்டிசம் உள்ளவர்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. இதற்கு மனநல மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து பார்க்க வேண்டும். பட்டினி போட்டால் வழிக்கு வருவார் என்ற வைத்தியம் இவர்களிடம் நடக்காது.

எல்லாம் செய்து பார்த்தாச்சு. மற்றதெல்லாம் பரவாயில்லை, கத்திரிக்காயை மட்டும் தொட மாட்டேன் என்கிறார்.

விட்டுவிடுங்கள். கத்திரிக்காயில் மட்டும் கிடைத்து வேறு எதிலும் கிடைக்காத சத்து என்று ஒன்று கிடையாது. இரண்டு கீரை, மூன்று நாலு காய், ஒரு பருப்பு, ஒரு பழம் போகிறதென்றால் உங்கள் வீட்டில் பிரச்சினையே இல்லை. பிஞ்சுக் கத்திரிக்காயாகப் பார்த்துக் கால் கிலோ வாங்கி, எண்ணெய்க் கத்திரிக்காய் வைத்து நீங்கள் சாப்பிடுங்கள். மறுநாள் அது இன்னும் நன்றாக இருக்கும், பங்குக்கு ஆளும் இல்லை.